வளரிளம் பிள்ளைகளின் மனநலமும் ஆசிரியர் பயிற்சியும்



நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வழக்கமாக நான் சமணம் பற்றியோ, கல்வெட்டு பற்றியோ, பழைய இலக்கணம் பற்றியோதான் எழுதுவேன். இந்த முறை தலைப்பை நானே மலர்க் குழுவினரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். "ஐயா, இது டாக்டர் எழுத வேண்டிய விஷயமாச்சே?" என்றார்கள். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை, ஆசிரியரும் இல்லை. பழைய எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு, 1978-ல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து, அவென்யூ ரோட்டில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவன். (ஜைனர் என்றதும் என்னை 'சேட்டு' என்று கூப்பிடுபவர்கள் இன்னும் உண்டு. நாங்கள் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நயினார் வீட்டார் என்று விளக்கியே பாதி ஆயுள் போய்விட்டது. அது வேறு கதை.)

நோட்டு வியாபாரம் என்றால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்க வேண்டும். தலைமையாசிரியர் கூப்பிடும் வரை ஆசிரியர் அறையில் ஓரமாகக் காத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு பி.எட். பட்டமே வாங்கியிருக்கலாம். ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதை அங்கேதான் கேட்டிருக்கிறேன். அன்பாகப் பேசுவோரையும் கேட்டிருக்கிறேன், அலட்சியமாகப் பேசுவோரையும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் இந்தக் கட்டுரைக்குக் காரணம் அது அல்ல. என் வாழ்க்கையில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளே காரணம். முதலில் ஒன்றைச் சொல்கிறேன். இன்னொன்று பின்னால் வரும்.

சுருங்கிப்போன கையெழுத்து

என் அக்கா வீட்டுக்காரர் காலமான பிறகு, அக்கா மகனை எங்கள் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தோம். 1996-ல் அவன் பத்தாம் வகுப்பு. பதினைந்து வயது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு ராத்திரி தூங்குவதில்லை, காலையில் எழுந்திருப்பதில்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். எதைக் கேட்டாலும் எரிந்து விழுவான். 'வயசுக் கோளாறு' என்று என் மனைவி சொன்னாள். 'சோம்பல்' என்று நான் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை; "உங்கப்பா இருந்தா இப்படி இருப்பியா?" என்றும் ஒருநாள் கேட்டுவிட்டேன். அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடக்கிறது.

ஜனவரியில் ஒருநாள் சாயங்காலம் அவனுடைய கணக்கு டீச்சர் கடைக்கு வந்தார். கன்னடக்காரர். நோட்டு வாங்க வந்தவர் போல நின்றுவிட்டு, கூட்டம் குறைந்ததும் தமிழும் கன்னடமும் கலந்து சொன்னார்: "உங்க பையன் கையெழுத்து ஜூலை மாச நோட்டுல இருந்த மாதிரி இப்ப இல்ல. எழுத்து சின்னதாகிக்கிட்டே வருது. பாதிப் பக்கம் காலியா விடறான். மார்க்கைப் பத்தி நான் பேச வரல. பையன் சரியா இல்ல. யாராவது டாக்டர்கிட்ட காட்டுங்க."

நோட்டு விற்பவன் நான். அந்த நோட்டு தினமும் என் வீட்டு மேஜைமேல்தான் கிடந்தது. நான் ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் காட்டினோம். மனச்சோர்வு நோய் என்றார். மருந்தும் பேச்சுமாகச் சில மாதங்கள் ஆயின. அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருஷம் எழுதினான். இன்று ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். இந்தப் பகுதியை அவனிடம் படித்துக் காட்டி, "எழுதுங்க மாமா" என்று அவன் சொன்ன பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அந்த டீச்சருக்கு மனநலம் பற்றி யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இயல்பாகவே கண்ணுள்ளவர். அப்படிப்பட்டவர் எங்கள் பிள்ளைக்கு வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு பிள்ளையின் உயிர் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கலாமா? அதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

எத்தனை பிள்ளைகள்?

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் தலைமையில் 2015-16-ல் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அதில் தெரியவந்தது. ஐம்பது பேர் உட்காரும் வகுப்பு என்றால் மூன்று அல்லது நான்கு பிள்ளைகள். எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் ஆசிரியர் முன்னால் அந்த மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. வாழ்நாளில் மனநோய் வருபவர்களில் பாதிப்பேருக்கு அது 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள். அதாவது எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் காலம்தான் விதை முளைக்கும் காலம். அப்போதே கவனித்தால் பின்னால் படும் பாட்டில் பெரும் பகுதியைக் குறைக்கலாம்.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்துச் சொல்லும் எண்ணிக்கை இது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் ஆசிரியர்?

"பெற்றவர்களுக்குத் தெரியாததா ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்?" என்று கேட்கலாம். வியாபாரியின் மொழியில் பதில் சொல்கிறேன். ஒரு பொருளின் எடை தெரிய வேண்டுமானால் மறு தட்டில் எடைக்கல் வேண்டும். நம் வீட்டில் இருப்பது ஒரு பிள்ளை, மிஞ்சிப் போனால் இரண்டு. பதினான்கு வயதில் எவ்வளவு கோபம் இயல்பு, எவ்வளவு மௌனம் இயல்பு என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் எதுவும் இல்லை. ஆசிரியர் முன்னால் ஒரே வயதில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். அதே வயதில் போன வருஷம் ஐம்பது பேர் இருந்தார்கள். எது வயசுக் கோளாறு, எது அதையும் மீறியது என்று அவர் கண்ணுக்குத் தெரிய வழியிருக்கிறது. தவிர, பள்ளி நாளில் ஒரு பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதி ஆசிரியர்கள் பார்வையில்தான் கழிகிறது.

இங்கே நன்னூலை நினைத்துக்கொள்கிறேன். அதை எழுதிய பவணந்தி முனிவர் எங்கள் சமணர். அவரை எழுதவைத்த சீயகங்கனோ கோலாரோடு தொடர்புடைய கங்க மரபினன். ஆகவே நம் பெங்களூர்த் தமிழருக்கு அந்த நூலில் இரட்டைப் பங்கு உண்டு! நல்லாசிரியரை அவர் நிலத்துக்கும், மலைக்கும், தராசுக்கும், பூவுக்கும் ஒப்பிடுகிறார். நிலம் தோண்டுபவரையும் பொறுத்துக்கொள்ளும். தராசு ஐயப்பட்ட பொருளின் அளவை உள்ளபடி காட்டும். எந்தப் பக்கமும் தானாகச் சாயாது. அடம்பிடிக்கும் பிள்ளையைப் பொறுப்பது, அதன் நிலையை மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் உள்ளபடி அறிவது: இன்று மனநலப் பயிற்சி ஆசிரியரிடம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இவைதான்.

பயிற்சியில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

ஆசிரியரை அரைகுறை டாக்டர் ஆக்குவது இந்தப் பயிற்சியின் நோக்கம் அல்ல. நோய்க்குப் பெயர் வைப்பது ஆசிரியர் வேலையே இல்லை. 2011-ல் உலக சுகாதார நிறுவனம், பேரிடர் காலத்தில் உதவுவோருக்காக 'உளவியல் முதலுதவி' என்ற வழிகாட்டி நூலை வெளியிட்டது. அதன் சாரம் மூன்றே சொல்: பார், கேள், சேர்த்துவிடு. ஆசிரியர் பயிற்சியையும் இந்த மூன்றுக்குள் அடக்கிவிடலாம்.

முதலாவது, பார்ப்பது. வளரிளம் வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக வரும். அடிக்கடி வயிற்று வலி, தலை வலி என்று வரும். டாக்டர் பார்த்தால் உடம்பில் ஒன்றும் இருக்காது. ஆனால் பிள்ளை பொய் சொல்லவில்லை, வலி நிஜம். பதற்றக் கோளாறு உள்ள பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே பள்ளிக்கு மட்டம் போடும். கவனிக்க வேண்டியது பிள்ளையின் குணத்தை அல்ல, குணத்தில் வந்த மாற்றத்தை. எப்போதும் அமைதியான பிள்ளை அமைதியாக இருந்தால் கவலையில்லை. கலகலவென்று இருந்த பிள்ளை இரண்டு வாரமாக வாயே திறக்கவில்லை என்றால் கேட்க வேண்டும். நண்பர்களை விட்டு விலகுவது, பிடித்த விளையாட்டைக் கைவிடுவது, மார்க்கு திடீரென்று சரிவது, முழுக்கைச் சட்டைக்குள் காயத்தை மறைப்பது, தனக்கு ரொம்பப் பிடித்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று பேசுவது - கடைசி மூன்றில் ஒன்றைக் கண்டாலும் நாள் தள்ளக் கூடாது.

இரண்டாவது, கேட்பது. இதுதான் ரொம்பக் கடினம். ஆசிரியர் என்றாலே பேசிப் பழகியவர். பயிற்சியில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் மாணவராகவும் ஒருவர் ஆசிரியராகவும் நடித்துப் பழகவைக்கிறார்கள். குறுக்கே பேசாமல் ஐந்து நிமிஷம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரியும். நீங்களும் வீட்டில் முயன்று பாருங்கள். "இதெல்லாம் ஒரு பிரச்னையா?", "உன் வயசுல நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?", "உங்க அப்பா அம்மா உனக்காக எவ்வளவு பாடுபடறாங்க?" இந்த மூன்றும் சொல்லக் கூடாத வாக்கியங்கள். மூன்றையும் நான் சொல்லியிருக்கிறேன். இவற்றுக்குப் பதிலாக, "கொஞ்ச நாளா நீ முன்ன மாதிரி இல்லையே, என்னன்னு சொல்றியா? அவசரமில்ல" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது போதும்.

சாவைப் பற்றிய எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாமா என்ற பயம் எல்லா ஆசிரியர்களுக்கும் உண்டு. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி ஆவதில்லை என்பது ஆய்வில் தெளிவான விஷயம். அக்கறையோடு நேராகக் கேட்டால் பிள்ளைக்கு ஒரு பாரம் இறங்குகிறது. 'இதைச் சொல்லவும் ஓர் ஆள் இருக்கிறார்' என்று தெரிகிறது.

இன்னொன்று, ரகசியம். பிள்ளை நம்பிச் சொன்னதை ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே கதையாகச் சொன்னால் அந்தப் பள்ளியில் இனி எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. ஆனால் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று சத்தியமும் செய்யக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். "உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா மட்டும், தேவையான ஆளுக்கு மட்டும், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, சேர்த்துவிடுவது. பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் மருத்துவரிடம். பெற்றோரை அழைக்கும் விதமும் பயிற்சியில் ஒரு பாடம். "உங்க பிள்ளைக்கு மனநோய்" என்று ஆசிரியர் சொல்லக் கூடாது. "இன்னின்ன மாற்றத்தைப் பார்த்தேன், இத்தனை நாளாகப் பார்க்கிறேன், டாக்டரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது" என்று கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் கணக்கு டீச்சர் சொன்னது சரியாக அப்படித்தான் இருந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. இதை வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை விளம்பரமாகிவிடும்.

பீகாரில் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சங்கத் என்ற தொண்டு நிறுவனத்தார் ஒரு சோதனை நடத்தினார்கள். 'சேஹர்' என்று பெயர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பள்ளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில், இந்த வேலைக்கென்றே நியமித்துப் பயிற்சி கொடுத்த ஓர் ஆள். டாக்டரோ மனநல நிபுணரோ அல்லாத சாதாரண ஆள். இரண்டாவது பிரிவில், அதே வேலையைச் செய்ய அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கே பயிற்சி. மூன்றாவதில் இந்த இரண்டும் இல்லை. மனக்குறையைச் சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, மாணவர் குழு, தனியாக ஆலோசனை என்று வேலைத் திட்டம் ஒன்றுதான்.

முடிவு 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தனி ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக மாறியது. மனச்சோர்வு, ஒருவரையொருவர் கொடுமைப்படுத்துவது, அடிதடி எல்லாம் குறைந்தன. ஆசிரியர் பொறுப்பேற்ற பள்ளிகளிலோ, மூன்றாம் பிரிவுப் பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை!

படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யோசித்துப் பார்த்தால் புரிகிறது. ஆசிரியருக்கு ஏற்கெனவே பாடம், விடைத்தாள், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை. அதற்கு மேல் இதுவும் ஒன்று என்றால் எதற்கு நேரம் இருக்கும்? அதோடு, காலையில் மார்க்கு குறைந்ததற்குத் திட்டியவரிடமே மத்தியானம் போய் மனசைத் திறப்பது பிள்ளைக்கு லேசான காரியமா?

ஆஸ்திரேலியாவிலும் இதேபோல ஒன்று நடந்தது. மனநல முதலுதவிப் பயிற்சி 2000-ல் பிறந்த நாடு அது. அங்கே உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர்களின் அறிவு கூடியது, தயக்கம் குறைந்தது, நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் பிள்ளைகளின் மனநலத்தில் அளக்கத்தக்க மாற்றம் இல்லை.

அப்படியானால் ஆசிரியர் பயிற்சி வீண்தானா? அதுவும் இல்லை. நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் வாழ்க்கைத் திறன் கல்வி என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். கோபத்தைக் கையாள்வது, முடிவெடுப்பது, பிறர் நிலையில் நின்று பார்ப்பது போன்ற திறன்களை ஆசிரியரே வகுப்பில் விளையாட்டும் கலந்துரையாடலுமாக நடத்துவது. அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடத் தன்மதிப்பிலும், ஆசிரியர்களோடும் பள்ளியோடும் ஒத்துப்போவதிலும் மேலாக இருந்ததாக 2010-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு சொல்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். வகுப்பு முழுவதற்கும் செய்ய வேண்டியதை ஆசிரியரால் நன்றாகச் செய்ய முடியும். துன்பப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கவும் முடியும். கண்டுபிடித்த பிள்ளையோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசுவதற்கு வேறோர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத பள்ளியில் ஆசிரியருக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது, கொள்முதல் செய்துவிட்டுச் சரக்கை இறக்கக் கிடங்கு இல்லாமல் நிற்பது மாதிரி. பயிற்சியும் ஒரே நாளில் முடிந்துவிடக் கூடாது. நன்னூல் ஆசிரியராகத் தகாதவருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று கழற்சிக்காய் நிரப்பிய குடம். போட்ட வரிசையில் காய் வெளியே வராது. கவிழ்த்தால் எது முன்னால் வரும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் கூட்டத்தில் அவசரமாகக் கொட்டிய பாடமும் வேண்டிய நேரத்தில் அப்படித்தான் தாறுமாறாக வரும்.

சட்டமும் திட்டமும்

அரசாங்கம் சும்மா இல்லை. 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் தொடங்கியது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஓர் ஆண், ஒரு பெண், நலத் தூதுவர்களாகப் பயிற்சி பெற வேண்டும். அதன் பதினொரு பாடங்களில் மனநலமும் ஒன்று. 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவி வந்தது, எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது முக்கியம். 2023-ல் மத்தியக் கல்வி அமைச்சகம் பள்ளிகளில் தற்கொலைத் தடுப்புக்காக 'உம்மீத்' என்ற வரைவு நெறிமுறையை வெளியிட்டது. 'உம்மீத்' என்றால் நம்பிக்கை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 2025 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். ஆசிரியர்களும் மற்ற ஊழியர்களும் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது உளவியல் முதலுதவியிலும் அபாய அறிகுறிகளைக் கண்டறிவதிலும் பயிற்சி பெற வேண்டும். மார்க்கைக் காட்டிப் பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதும் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் கூடாது என்று நீதிமன்றம் வகுத்துள்ளது. மற்ற ஊழியர்கள் என்றால் பள்ளி வாட்ச்மேன், பஸ் டிரைவர், ஆயா எல்லாரும்தான். கழிவறையில் ஒரு பிள்ளை அழுவதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஆயாதானே!

காகிதத்தில் இருப்பது வகுப்பறைக்கு வர வேண்டுமானால் நாம் கேட்க வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க்கு அட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இந்த நான்கையும் கேளுங்கள். பள்ளியில் ஆலோசகர் யார், எந்த நாளில் இருக்கிறார்? ஆசிரியர்களுக்குப் பயிற்சி கடைசியாக எப்போது நடந்தது? பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று பிள்ளைகளுக்கே தெரியுமா? பொறுப்பேற்ற ஆசிரியருக்கு அதற்கென்று பீரியடு ஒதுக்கியிருக்கிறீர்களா? கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இனி அந்த இரண்டாவது நிகழ்ச்சி. நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடப்பது உங்களுக்குத் தெரியும். நானும் அதில் பாடம் எடுக்கிறேன். ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்துப் பெண், பதினான்கு வயது. முதல் வரிசையில் உட்கார்ந்து, கேட்கும் முன்னால் கையைத் தூக்குவாள். சில வாரங்களில் கடைசி வரிசைக்குப் போனாள். ஒருநாள் எல்லார் முன்னாலும், "என்னம்மா, தமிழ் கசந்துபோச்சா?" என்று கேலி செய்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் அவள் வரவில்லை. வேறு வகுப்பில் சேர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து அவள் தாயார் ஒரு விழாவில் என்னிடம் சொன்னார். புதுப் பள்ளியில் மொழி தெரியாமல் பிள்ளைகள் சீண்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரமெல்லாம் கழிவறையில் ஒளிந்திருக்கிறாள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. "வாரம் ஒருநாள் தமிழ் வகுப்புலதான் வாயத் திறந்து பேசிட்டிருந்தா ஐயா. அதுக்கும் போகமாட்டேன்னுட்டா" என்றார். அவர் என்மேல் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு நான் செய்த கேலி தெரியவே தெரியாது. சிகிச்சையில் அந்தப் பெண் தேறி வருகிறாள் என்பது ஒன்றே எனக்கு ஆறுதல்.

1996-ல் பட்ட பாட்டை ஊருக்கெல்லாம் உபதேசமாகச் சொல்லி வந்தவன் நான். என் கண்ணுக்கு முன்னால் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு ஒரு பிள்ளை போனதை நானே காணவில்லை. நல்ல மனசு இருந்தால் போதும், கண்ணில் பட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லை அன்பர்களே, கவனிப்பது ஒரு தொழில். பழகினால்தான் வரும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. கணக்கையும் விஞ்ஞானத்தையும் அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள். மனசுக்குள் நடப்பதை எந்த மொழியில் சொல்வது? 'டிப்ரஷன்' என்று பள்ளியில் கேட்ட வார்த்தையைப் பாட்டியிடம் சொன்னால் பாட்டிக்குப் புரியாது. 'மனசு சரியில்லை' என்று வீட்டில் சொன்னால், 'கோயிலுக்குப் போய்ட்டு வா, சரியாயிடும்' என்போம். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பஸதிக்கு நானும் போகிறவன்தான். ஆனால் காலில் எலும்பு முறிந்தால் கோயிலுக்கும் போகிறோம், கட்டுப் போடவும் போகிறோம் அல்லவா? அப்புறம் ஊர்ப் பேச்சு: 'பொண்ணுக்கு நாளைக்கு வரன் பார்க்கணும், வெளியில் தெரிஞ்சா என்ன ஆகும்?' இந்த ஒரு பயத்தாலேயே எத்தனை வீடுகளில் வைத்தியம் தள்ளிப்போகிறது! சித்தப்பா, மாமா, அத்தை என்று ஊரில் இருந்தால் யாராவது ஒருவர் கவனித்திருப்பார்கள். இங்கே அந்த இடத்தில் இருப்பது பள்ளிக்கூடமும் நம் சங்கமும்தான்.

ஆகவே செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். நம் ஞாயிறு வகுப்பில் பாடம் எடுக்கும் எல்லாருக்கும், நாட்டியம், பாட்டு சொல்லித்தருபவர்களுக்கும் சேர்த்து, தகுதியுள்ள மனநல நிபுணரை வைத்து இந்த ஆண்டே பயிற்சி தொடங்க வேண்டும். ஒருநாள் கூட்டமாக இல்லாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு இரண்டாவது வாரமே போன் செய்ய ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பை இப்போதைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கு நான் கேலி பண்ணினது தப்பும்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். வரும்போது கடையிலிருந்து கொண்டுபோன ஒரு நோட்டைக் கொடுத்தேன். அடுத்த வாரம் வகுப்புக்கு வருவாளா என்று தெரியாது. வந்தால் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் சரி, கவனித்துக்கொண்டிருப்பேன்.